நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் முறை

நாட்டின் தலைவரைத் தேர்ந்தெடுப்பதற்குத் தக்க முறை யாது என்னும் கேள்வியை இன்று ஆராயப் புகுகிறோம். இது சட்ட நிபுணர்களுக்கும் அரசியல்வாதிகளுக்கும் மட்டுமே உரிய கேள்வி என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் பிறந்த ஊர் ஒரு மாநிலத்திலும், பிழைக்கும் ஊர் வேறொரு மாநிலத்திலுமாக வாழும் நமக்கு இது மிகவும் நெருங்கிய கேள்வியாகும். மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய பகுதிகளில் வாழும் தமிழர்களாயினும் சரி, டில்லியிலோ கல்கத்தாவிலோ பெங்களூரிலோ குடியேறியவர்களாயினும் சரி, குடியரசுத் தலைவர் தேர்தலில் நம் தலை எந்த மாநிலத்துக் கணக்கில் எண்ணப்படுகிறது, நம் சார்பில் வோட்டளிப்பவர் யார் என்பவற்றை நாம் அறிந்திருத்தல் வேண்டும்.

மாட்டுங்காவை அடுத்த தாதர் இந்து காலனியில் 'ராஜகிருகம்' என்னும் இல்லம் இருக்கிறது. டாக்டர் அம்பேத்கர் தம் நூல்களை வைத்துப் பேணுவதற்கு ஏற்றபடி கட்டிக்கொண்ட இல்லம் அது. அவருடைய பெயரைத் தாங்கிய சாலைதான் மாட்டுங்காவின் கிங்ஸ் சர்க்கிளைக் கடந்து செல்கிறது. அவரோடு இந்தப் பொருளைப் பற்றி வாதிட்டவரும் பம்பாயோடு தொடர்புடையவரே. பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரப் பேராசிரியராக விளங்கிய கே. டி. ஷா அவர். இவ்விருவரும் அரசியல் நிர்ணய சபையில் எதிரெதிரே நின்று வாதிட்ட பொருள், குடியரசுத் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுப்பதா, மக்களின் பிரதிநிதிகள் தேர்ந்தெடுப்பதா என்பதுதான்.

அந்த வாதத்துக்குள் நுழையுமுன் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எல்லாப் பதவிகளுக்கும் பொருந்தும் தேர்தல் முறை என்று ஒன்று இல்லை. பதவி என்ன வேலைக்கு உரியது என்று முதலில் கேட்டுவிட்டே, முறை எது என்று கேட்டல் வேண்டும். இதை நம் முன்னோர் அறிந்திருந்தார்கள். உத்தரமேரூரில் முதலாம் பராந்தக சோழனின் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921 ஆகிய ஆண்டுகளைச் சேர்ந்தவை. முப்பது குடும்புகளிலிருந்தும் தகுதியுடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்த குடவோலை முறையை அவை விவரிக்கின்றன. ஏரியையும் தோட்டத்தையும் மேற்பார்க்கும் வாரியங்களுக்கு அந்த முறை பொருந்தியது. ஓராண்டுக் காலம் ஊர்ப்பணி பார்க்கும் பொறுப்பு பலருக்கும் மாறி மாறிச் செல்லவேண்டும் என்பதே அதன் நோக்கம். வாரியத்துக்கு ஏற்ற முறையை அரசனுக்கென எவரும் கருதவில்லை.

நம் குடியரசுத் தலைவரின் பதவி எத்தகையது? அவர் பெயரால் ஆட்சி நடைபெறுகிறது. ஆயினும் மந்திரிசபையின் ஆலோசனைப்படியே அவர் நடத்தல் வேண்டும். இந்த வேறுபாட்டை விளக்க, நாம் குடியிருக்கும் கட்டடங்களின் கூட்டுறவு வீட்டுச் சங்கத்தை, அதாவது எல்லோரும் 'சொஸைட்டி' என்று சொல்லும் அமைப்பை, எடுத்துக்கொள்ளலாம். அங்கத்தினர் யாவரும் கூடி நிர்வாகக் கமிட்டியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கமிட்டி தன்னுள்ளிருந்தே சேர்மனைத் தேர்ந்தெடுக்கிறது. சேர்மன் தாமே திட்டம் வகுத்துத் தாமே செலவிடக்கூடியவர் அல்லர். கமிட்டியின் தீர்மானத்துக்குக் கட்டுப்பட்டவர். அவரை அங்கத்தினர் எல்லோரும் நேராகத் தேர்ந்தெடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். கமிட்டி ஒன்று சொல்லும், அவர், "என்னையும் எல்லோரும் சேர்ந்துதானே அனுப்பினார்கள்?" என்று வேறொன்று சொல்வார். தண்ணீர்த் தொட்டி பழுதாகி நிற்கும். வழக்கு மட்டும் வளரும்.

அரசியல் நிர்ணய சபையில் 1947-ஆம் ஆண்டு ஜூலையில் நேரு எடுத்துரைத்த கருத்தின் சாரமும் இதுவே. அதிகாரம் மந்திரிசபையிடம் இருக்கவேண்டும் என்று தீர்மானித்த பிறகு, நாடு முழுவதும் வோட்டளித்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்துவிட்டு, அவருக்கு உண்மையான அதிகாரம் எதையும் அளிக்காமல் விடுவது பொருத்தமற்றதாகும் என்று அவர் கருதினார்.

1948 டிசம்பரில் பேராசிரியர் ஷா இதை மறுத்து வாதிட்டார். வயது வந்த குடிமக்கள் யாவரும் ரகசிய வோட்டு மூலம் தலைவரை நேராகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று திருத்தம் கொண்டுவந்தார். அம்பேத்கர் அதற்கு மூன்று தடைகளைக் கூறினார். வோட்டர்களின் தொகை மிகப் பெரிது. அத்தேர்தலை நடத்தப் போதுமான ஊழியர்கள் சர்க்காரிடம் இல்லை. குடியரசுத் தலைவர் ஆட்சியை நடத்துபவர் அல்லர், ஆட்சியின் சின்னமாக இருப்பவர். ஷாவின் திருத்தம் தோற்றது.

இந்த மூன்று காரணங்களையும் இன்று மறுபடியும் நிறுத்துப் பார்ப்பது நியாயம். 1951-52-இல் நடந்த முதற் பொதுத் தேர்தலில் சுமார் 17 கோடி வோட்டர்கள் இருந்தார்கள். 2024-ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது வோட்டர் பட்டியலில் 96 கோடிக்கு மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அத்தேர்தல் நடந்தே முடிந்தது. ஆகவே, தொகை பெரிது, ஊழியர் இல்லை என்ற முதல் இரண்டு காரணங்களும் காலத்தால் தேய்ந்துவிட்டன. மூன்றாவது காரணம் ஒன்றே நிற்கிறது. ஆனால் அது ஒன்றே போதுமான காரணம். பதவியின் தன்மையை மாற்றாமல் முறையை மட்டும் மாற்றினால் சண்டைதான் மிஞ்சும். நேர்த்தேர்தல் வேண்டும் என்பவர்கள், தலைவரிடம் ஆட்சியதிகாரத்தையும் ஒப்படைக்கச் சம்மதமா என்பதற்கு முதலில் விடை கூறல் வேண்டும். பேராசிரியர் ஷா இதில் நேர்மையானவர். அவர் வேறு வகையான ஆட்சியையே விரும்பினார். அதற்கேற்ற முறையையே கேட்டார். 1952-இல் நடந்த முதற் குடியரசுத் தலைவர் தேர்தலில், தாம் எதிர்த்த அந்த முறையின் கீழேயே ராஜேந்திர பிரசாதை எதிர்த்துப் போட்டியிட்டார். ராஜேந்திர பிரசாதுக்கு 5,07,400 வோட்டு மதிப்பும், ஷாவுக்கு 92,827 வோட்டு மதிப்பும் கிடைத்தன.

'வோட்டு மதிப்பு' என்றோம். அது யாது என்பதைச் சற்றே விளக்குதல் வேண்டும். இத்தேர்தலில் வோட்டளிப்பவர்கள், பார்லிமெண்டின் இரு சபைகளிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர்களும், மாநிலச் சட்டசபைகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட அங்கத்தினர்களும் ஆவர். நியமன அங்கத்தினர்களுக்கு இதில் வோட்டு இல்லை. சட்டசபை அங்கத்தினர் ஒருவரின் வோட்டுக்கு என்ன மதிப்பு என்பது அவருடைய மாநிலத்தின் ஜனத்தொகையைப் பொறுத்தது. ஜனத்தொகையைச் சட்டசபை இடங்களின் எண்ணிக்கையால் வகுத்து, வந்ததை மீண்டும் ஆயிரத்தால் வகுத்தால் மதிப்பு கிடைக்கும்.

நம் ஊர்க் கணக்கையே போட்டுப் பார்ப்போம். 1971-ஆம் ஆண்டு ஜனக்கணக்கின்படி மகாராஷ்டிரத்தின் மக்கள் 5,04,12,235 பேர். சட்டசபை இடங்கள் 288. வகுத்து வரும் மதிப்பு 175. தமிழ்நாட்டின் மக்கள் 4,11,99,168 பேர். இடங்கள் 234. மதிப்பு 176. உத்தரப் பிரதேசத்துக்கு 208, சிக்கிமுக்கு 7. இவ்வாறு எல்லாச் சட்டசபைகளின் மதிப்பையும் கூட்டினால் 2022-ஆம் ஆண்டுத் தேர்தலில் 5,43,231 ஆயிற்று. அத்தொகையைப் பார்லிமெண்டின் 776 அங்கத்தினர்களுக்குப் பகிர்ந்தபோது, ஒருவருக்கு 700 வந்தது. ஆகவே பார்லிமெண்டின் பங்கும் மாநிலங்களின் பங்கும் தராசின் இரு தட்டுகளைப் போல ஒத்து நிற்கின்றன. மத்தியமும் மாநிலங்களும் சேர்ந்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கின்றன என்ற கருத்தையே இந்தச் சமன் காட்டுகிறது.

மாட்டுங்காவின் பக்கத்துத் தொகுதியான சயான் கோலிவாடாவில் 2014, 2019, 2024 ஆகிய மூன்று சட்டசபைத் தேர்தல்களிலும் வென்றவர் தமிழரான கேப்டன் ஆர். தமிழ்ச்செல்வன். தமிழராயினும் குடியரசுத் தலைவர் தேர்தலில் அவருடைய வோட்டின் மதிப்பு 176 அன்று, 175-தான். அவர் மகாராஷ்டிர மக்களின் பிரதிநிதியாகவே அங்கே வோட்டளிக்கிறார். மொழியைப் பார்த்து இக்கணக்கு போடப்படுவதில்லை. வாழும் இடத்தைப் பார்த்தே போடப்படுகிறது. இதை நாம் மனத்தில் பதித்துக்கொள்ளல் வேண்டும். பின்னர் இதற்கே திரும்பி வருவோம்.

இம்முறையின் இன்னொரு சிறப்பு விருப்ப வரிசை. அங்கத்தினர் ஒருவர் ஓர் அபேட்சகரின் பெயருக்கு நேராக 1 என்று எழுதுவதோடு, தாம் விரும்பினால் மற்றவர்களுக்கு 2, 3 என்றும் எழுதலாம். முதல் விருப்பங்களை எண்ணும்போது பாதிக்கு மேல் எவருக்கும் கிடைக்காவிட்டால், கடைசியில் நிற்பவரை நீக்கி, அவருக்கு வோட்டளித்தவர்களின் அடுத்த விருப்பத்தை மற்றவர்களுக்குச் சேர்ப்பார்கள். ஒருவர் வரம்பைத் தொடும் வரையில், அல்லது இருவருள் ஒருவரே மிஞ்சும் வரையில், இவ்வாறு எண்ணிக்கை தொடரும்.

2022 வரையில் நடந்த தேர்தல்களுள் ஒரே ஒரு முறைதான் இரண்டாம் விருப்பத்தை எண்ண நேர்ந்தது. அது 1969-இல். டாக்டர் ஜாகிர் ஹுசேன் அவ்வாண்டு மே மாதம் 3-ஆம் தேதி பதவியிலிருக்கும்போதே காலமானார். அடுத்த தேர்தலில் வி. வி. கிரி, நீலம் சஞ்சீவ ரெட்டி, மகாராஷ்டிரத்தைச் சேர்ந்த சி. டி. தேஷ்முக் ஆகிய மூவரும் முக்கியமானவர்களாக நின்றார்கள். முதல் எண்ணிக்கையில் கிரிக்கு 4,01,515, ரெட்டிக்கு 3,13,548, தேஷ்முக்குக்கு 1,12,769. வெற்றிக்கு வேண்டிய வரம்பு 4,18,169. கிரி முன்னணியில் இருந்தும் வரம்பைத் தொடவில்லை. மற்றவர்களை ஒவ்வொருவராக நீக்கி அடுத்த விருப்பங்களைச் சேர்த்தபோது, ரெட்டிக்கே அதிகமாகச் சேர்ந்தன. அவர் 4,05,427 வரை உயர்ந்தார். கிரி 4,20,077 பெற்று வென்றார்.

ரெட்டிக்குக் கூடியது தொண்ணூறாயிரத்துக்கு மேல். கிரிக்குக் கூடியது இருபதாயிரத்துக்கும் குறைவு. ஆயினும் முடிவைப் பற்றி எவரும் கணக்கில் குறை காண இயலவில்லை. தேஷ்முக்கை விரும்பியவர்களின் வோட்டு வீணாகவில்லை. அவர்களும் இறுதித் தீர்ப்பில் பங்குகொண்டார்கள். முதலில் அதிகம் பெற்றவரே வென்றார் என்று அப்போதே முடித்திருந்தாலும் கிரிதான் வந்திருப்பார் என்று சிலர் கூறலாம். பெயர் அதுவாகவே இருந்திருக்கலாம், தகுதி வேறு. பாதிக்கும் குறைந்த ஆதரவோடு வருபவருக்கும், மற்றவர்களின் விருப்பத்தையும் எடைபோட்ட பின் வருபவருக்கும் வேற்றுமை உண்டு.

பிற நாடுகளின் அனுபவத்தையும் சற்றே பார்ப்போம். அமெரிக்காவில் 538 தேர்வாளர்கள் தலைவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். இரண்டு மாநிலங்கள் நீங்கலாக மற்றெங்கும், ஒரு மாநிலத்தில் ஒரு வோட்டு அதிகம் பெற்றவருக்கும் அம்மாநிலத்தின் தேர்வாளர்கள் அத்தனை பேரும் சேர்ந்துவிடுகிறார்கள். அதனால் 2000-ஆம் ஆண்டிலும் 2016-ஆம் ஆண்டிலும் மக்களின் வோட்டுகளைக் குறைவாகப் பெற்றவரே தலைவரானார். நம் முறையில் இந்த மூட்டைக் கணக்கு இல்லை. மகாராஷ்டிரத்தின் 288 அங்கத்தினர்களுடைய வோட்டும் தனித்தனியே எண்ணப்படுகிறது. கட்சிக் கொறடாவின் உத்தரவும் இத்தேர்தலில் செல்லாது.

பிரான்சில் மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்காவிட்டால், முதல் இருவருக்கிடையே இரண்டு வாரங்களுக்குப் பின் மறு தேர்தல் நடக்கிறது. 2002-இல் பதினாறு பேர் நின்றார்கள். இடதுசாரிகளின் வோட்டு பலரிடையே சிதறியது. பிரதம மந்திரி ஜோஸ்பான் 16.18 விழுக்காடு பெற்று மூன்றாமிடத்துக்குப் போனார், 16.86 விழுக்காடு பெற்ற லெ பென் இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார். விருப்ப வரிசை இருந்திருந்தால் சிதறிய வோட்டுகள் ஒன்றுசேர வழி கிடைத்திருக்கும்.

அயர்லாந்து நமக்கு ஒரு நல்ல சவாலாக நிற்கிறது. அங்கே தலைவருக்கு ஆட்சியதிகாரம் இல்லை. ஆயினும் மக்கள் நேராகவே, விருப்ப வரிசையோடு, தேர்ந்தெடுக்கிறார்கள். 1990-இல் முதல் எண்ணிக்கையில் 44 விழுக்காடு பெற்று முன்னணியில் இருந்தவர் லெனிஹன். 39 விழுக்காடு பெற்ற மேரி ராபின்சன், மூன்றாமவரின் இரண்டாம் விருப்பங்களால் ஏறக்குறைய 53 விழுக்காட்டை எட்டி வென்றார். அங்கே சண்டை மூளவில்லையே என்று கேட்கலாம். அயர்லாந்து அக்காலத்தில் சுமார் 35 லட்சம் மக்களைக் கொண்ட நாடு. ஒரே பார்லிமெண்டு உடையது. மாநிலச் சட்டசபைகள் அங்கே இல்லை. நம் நாட்டிலோ தலைவரின் தேர்தலில் மாநிலங்களுக்கும் குரல் வேண்டும் என்ற காரணம் கூடுதலாக இருக்கிறது.

நம் அண்டை நாடான இலங்கையில் 1978-ஆம் ஆண்டு அரசியல் சட்டத்தின்படி ஜனாதிபதியே ஆட்சித் தலைவர். மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். மூன்று விருப்பங்கள் வரையில் குறிக்கலாம். 2024 செப்டம்பர் தேர்தலில்தான் முதன்முறையாக இரண்டாம் எண்ணிக்கை நடந்தது. முதல் எண்ணிக்கையில் அநுர குமார திசாநாயக்க 42.31 விழுக்காடும், சஜித் பிரேமதாச 32.76 விழுக்காடும் பெற்றார்கள். மற்ற அபேட்சகர்கள் அனைவரும் ஒரே சமயத்தில் நீக்கப்பட்டார்கள். அவர்களுக்கு விழுந்த வோட்டுகள் சுமார் 33 லட்சம். அவற்றுள் இவ்விருவருக்கும் அடுத்த விருப்பமாகச் சேர்ந்தவை மூன்று லட்சத்துக்கும் குறைவே. பத்தில் ஒன்றுகூடத் தேறவில்லை. விருப்ப வரிசை சட்டத்தில் இருந்தால் மட்டும் போதாது, வோட்டளிப்பவர் அதைப் பயன்படுத்தவும் வேண்டும் என்பதற்கு இது சான்று.

2005-ஆம் ஆண்டுத் தேர்தலும் நினைவுகூரத் தக்கது. அத்தேர்தலில் வெற்றியின் இடைவெளி 1,80,786 வோட்டுகளே. யாழ்ப்பாண மாவட்டத்தில், விடுதலைப் புலிகளின் புறக்கணிப்பு அழைப்பின் நடுவே, வோட்டளித்தவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தொகையில் சிறியவர்கள் வோட்டுச் சாவடிக்குச் செல்லாதபோது தீர்ப்பு எவர் கையில் போய்ச் சேருகிறது என்பதை அந்தச் சிறிய இடைவெளி காட்டுகிறது.

இனி, நம் தலைவரின் பதவிக்கு இத்தனை கவலை எதற்கு, அவர் சின்னம்தானே என்ற கேள்விக்கு வருவோம். சாதாரண நாட்களில் சின்னம் என்பது சரி. எவருக்கும் பெரும்பான்மை இல்லாத நாளில் அவர் கையில்தான் பொறுப்பு வந்து விழுகிறது. 1989-இல் தஞ்சை மாவட்டத்து ராஜாமடத்தில் பிறந்த ஆர். வெங்கட்ராமன் பதவியில் இருந்தார். தனிப் பெருங்கட்சியின் தலைவர் என்ற முறையில் ராஜீவ் காந்தியை முதலில் அழைத்தார். அவர் மறுத்த பிறகே வி. பி. சிங்கை அழைத்தார். 1997-இல் உத்தரப் பிரதேச ஆட்சியை நீக்குமாறு மத்திய மந்திரிசபை அளித்த ஆலோசனையை கே. ஆர். நாராயணன் மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பினார். மந்திரிசபை அதைக் கைவிட்டது. 2006-இல் ராமேசுவரத்துப் பிள்ளையான அப்துல் கலாம், ஆதாயப் பதவி மசோதாவைத் திருப்பி அனுப்பினார். பார்லிமெண்டு மீண்டும் நிறைவேற்றிய பின்னரே கையொப்பமிட்டார்.

மாநிலச் சட்டசபை ஒன்றைக் கலைக்கும் கட்டளையில் விழுவது குடியரசுத் தலைவரின் கையொப்பமே. ஆகவே சட்டசபை அங்கத்தினர்களுக்கு அவரைத் தேர்ந்தெடுப்பதில் பங்கு இருப்பது முற்றும் நியாயம். ஆனால் இங்கே இன்னொன்றையும் சொல்லாமல் விடுதல் ஆகாது. 1991 ஜனவரி 30-ஆம் தேதி தமிழ்நாட்டு மந்திரிசபை நீக்கப்பட்டபோது அந்தக் கட்டளையில் ஒப்பமிட்டவர் தமிழரான குடியரசுத் தலைவரே. நம் மொழி பேசுபவர் அந்த இடத்தில் அமர்ந்தால் நமக்குப் பெருமை உண்டு. காப்பு உண்டு என்று சொல்ல முடியாது. காப்பு முறையில் இருக்கிறது, ஆளில் இல்லை. ஆதலால் முறை பழுதுபடாமல் இருப்பதில்தான் நம் அக்கறை நிற்றல் வேண்டும்.

அப்படியானால் முறையில் பழுது ஏதும் உண்டா? உண்டு. 2022-ஆம் ஆண்டுத் தேர்தலிலும் கணக்கு 1971-ஆம் ஆண்டின் ஜனத்தொகையைக் கொண்டே போடப்பட்டது. 1976-இல் அரசியல் சட்டத்தின் 42-ஆவது திருத்தம் அந்தத் தொகையை நிலைநிறுத்தியது. 2001-இல் 84-ஆவது திருத்தம், 2026-க்குப் பின் எடுக்கப்படும் முதல் ஜனக்கணக்கு வெளியாகும் வரையில் அதையே தொடரும்படி விதித்தது. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காக நிறைவேற்றிய மாநிலங்கள், அதன் காரணமாகவே தண்டிக்கப்படலாகாது என்பது நோக்கம். 2021-இல் எடுக்க வேண்டியிருந்த ஜனக்கணக்கு எடுக்கப்படவில்லை. 2027 மார்ச் 1-ஆம் தேதியைக் குறிப்பு நாளாகக் கொண்டு கணக்கெடுக்கும் அறிவிப்பு 2025 ஜூனில் வெளியாயிற்று. ஆகவே இந்த வாதம் ஏட்டளவில் நிற்கப் போவதில்லை, வாசலுக்கே வந்துவிட்டது.

2011-ஆம் ஆண்டு ஜனக்கணக்கை வைத்துப் பார்த்தால் என்ன ஆகும்? தமிழ்நாட்டு அங்கத்தினரின் மதிப்பு 176-லிருந்து 308 ஆகும். மகாராஷ்டிரத்தில் 175-லிருந்து 390 ஆகும். உத்தரப் பிரதேசத்தில் 208-லிருந்து 496 ஆகும். எல்லாமே ஏறுவதால் பங்கைத்தான் பார்க்க வேண்டும். நாட்டின் மக்களுள் தமிழ்நாட்டின் பங்கு 1971-இல் நூற்றுக்கு ஏழரை; 2011-இல் ஏறக்குறைய ஆறு. மகாராஷ்டிரத்தின் பங்கு இரு கணக்குகளிலும் நூற்றுக்கு ஒன்பதைச் சற்றே கடந்து நின்றது. டில்லியைப் பாருங்கள்: 1971-இல் சுமார் 40 லட்சம் மக்கள், 2011-இல் 1 கோடியே 67 லட்சத்துக்கு மேல். 1992-ஆம் ஆண்டின் 70-ஆவது திருத்தத்தால் வோட்டுரிமை பெற்ற டில்லிச் சட்டசபை அங்கத்தினரின் மதிப்பு 58. புதிய கணக்கில் அது 240 ஆகும். இடையில் வந்து குடியேறிய லட்சக்கணக்கான மக்கள், நம்மவர்களும் உட்பட, அந்த 58-இல் அடங்கவே இல்லை.

நமது இக்கட்டு இதுதான். பிறந்த மாநிலத்தின் நன்மையைப் பார்த்தால் பழைய கணக்கே நீடிக்கட்டும் என்று தோன்றுகிறது. புகுந்த ஊரில் நம் தலை எண்ணப்படவேண்டும் என்று பார்த்தால் புதிய கணக்கு வேண்டும் என்று தோன்றுகிறது. தாய்வீட்டுக்கும் புகுந்த வீட்டுக்கும் நடுவே நிற்கும் பெண்ணின் நிலை நமக்கு.

எங்கள் கருத்தைச் சொல்லிவிடுகிறோம். பார்லிமெண்டு ஒரு பாதி, சட்டசபைகள் ஒரு பாதி என்று முன்னரே கண்டோம். சட்டசபைகளின் பாதியைப் புதிய ஜனத்தொகைப்படி கணக்கிடட்டும். உயிரோடு வாழும் மக்களை, அவர்கள் வாழும் இடத்திலேயே அது எண்ணட்டும். பார்லிமெண்டின் பாதியில், மாநிலங்களுக்குள்ளே உடன்பாடாக நிலைத்துள்ள இடங்களின் விகிதம் மாறாமல் நிற்கட்டும். ஒரு பாதி தலைகளை எண்ணும். மறு பாதி மாநிலங்களின் உடன்பாட்டைக் காக்கும். 2011-ஆம் ஆண்டுக் கணக்கைக் கொண்டு பார்த்தால், தமிழ்நாட்டின் மொத்தப் பங்கு ஆறுக்கு இறங்காமல் ஆறரைக்கு மேல் நிற்கும். டில்லி போன்ற ஊர்களில் குடியேறியவர்களும் கணக்கில் வருவார்கள். இருபுறமும் சிறிது விட்டுக்கொடுத்துத்தான் இதைச் செய்ய இயலும். தமிழ்நாட்டில் உள்ள நம் உறவினர்களுக்கு இது சற்றே கசக்கும். ஆனால் ஐம்பது ஆண்டுகளுக்கு முன்னிருந்த மக்களை எண்ணிக்கொண்டு, இன்றிருப்பவர்களை எண்ணாமல் விடும் கணக்கு எத்தனை நாளைக்கு மதிப்போடு நிற்க முடியும்?

இறுதியாக, நம் பங்கைப் பற்றியும் ஒரு சொல். ஜனக்கணக்கு எடுப்பவர் நம்மைத் தாராவியிலோ மாட்டுங்காவிலோ கண்டு எழுதிக்கொள்கிறார். ஆனால் நம்மவர்களுள் பலர் வோட்டர் பட்டியலில் பெயரை மட்டும் திருநெல்வேலியிலோ சேலத்திலோ வைத்திருக்கிறார்கள். விளைவு என்ன? நம் தலை மகாராஷ்டிரத்தின் கணக்கில் சேர்ந்து, இங்குள்ள அங்கத்தினரின் வோட்டுக்கு எடை கூட்டுகிறது. அந்த அங்கத்தினரைத் தேர்ந்தெடுப்பதிலோ நம் கை இல்லை. நம் எடையை எவரோ சுமந்து செல்கிறார். அவர் யார் என்பதை நாம் தீர்மானிக்கவில்லை. 1950-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், சாதாரணமாக வசிக்கும் இடத்தில்தான் பெயரைப் பதியவேண்டும் என்றும், ஒருவர் பெயர் இரண்டு தொகுதிகளில் இருத்தலாகாது என்றும் கூறுகிறது. வெளியூர்த் தொழிலாளர் இருந்த இடத்திலிருந்தே சொந்த ஊருக்கு வோட்டளிக்க உதவும் யந்திரத்தின் மாதிரியைத் தேர்தல் கமிஷன் 2023 ஜனவரியில் கட்சிகளுக்கு முன்வைத்தது. அது நடைமுறைக்கு வரவில்லை.

ஆகவே செய்யத்தக்கது எளிது. புதிதாகப் பதிபவர்கள் 6-ஆம் எண் படிவத்தையும், வசிப்பிடம் மாறியவர்கள் 8-ஆம் எண் படிவத்தையும் நிரப்பி, வாழும் தொகுதியில் பெயரைச் சேர்த்துக்கொள்ளலாம். ஊர்த் திருவிழாவுக்குப் போவதையும், குலதெய்வத்தை வணங்குவதையும், பூர்விக நிலத்தைப் பேணுவதையும் அது எவ்வகையிலும் தடுக்காது. குடியரசுத் தலைவரைத் தேர்ந்தெடுக்கும் ஏணியில் நாம் நிற்கும் படி சட்டசபைத் தேர்தலும் லோக்சபைத் தேர்தலும்தான். அந்தப் படியில் நாம் ஏறாமல் நின்றுவிட்டு, மேல் படியில் எவர் நிற்கிறார் என்று வாதிடுவதில் பொருளில்லை. முறையைத் திருத்தும் வேலை பார்லிமெண்டினுடையது. பட்டியலில் பெயரைத் திருத்தும் வேலை நம்முடையது. அதை இம்மாதமே செய்து முடிப்போமாக.